கல்லறைகளில் முன்னோரைத் தேடி

டிக்கோயாப் பகுதியிலுள்ள தேவாலயமொன்றின் கல்லறைத் தோட்டத்தில் நாம் கண்ட காட்சி இது. பிரித்தானியாவிலிருந்து வந்த முதிய தம்பதியர் கையில் ஒரு தாளுடன் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துச் சென்றனர். அரைமணி நேரத்தில் தேடியது கிடைத்தது. பாசியைத் துடைத்ததும் பெயர், பிறந்த ஊர், இறந்த திகதி, தோட்டத்தின் பெயர் எல்லாம் தெரிந்தன. கோப்பிக் காலத்தில் வந்து காய்ச்சலில் மாண்ட பூட்டனாரின் கல்லறை அது. அந்த அம்மையார் கல்லைத் தொட்டபடியே அழுதார்.

அருகில் புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்துத் தாயொருவரிடம், "உங்கள் பாட்டனாரை எங்கே அடக்கம் செய்தார்கள்?" எனக் கேட்டோம். அவர் எதிர்மலையைக் காட்டினார். "அங்கதாங்க, தேயிலைக்குள்ள எங்கயோ இருக்காரு. அப்பாவுக்கு எடம் தெரியும். இப்ப அப்பாவும் இல்லைங்க" என்றார்.

இருவருடைய முன்னோரும் ஒரே மலையில் வாழ்ந்து, ஒரே மண்ணில் அடக்கமானவர்கள். ஒருவருடைய வம்சத்துக்குக் கல் சாட்சி சொல்கிறது. மற்றவருக்கு அந்தச் சாட்சி இல்லை. அதனால் நேர்ந்தவை என்ன, இன்று நாம் செய்யக்கூடியது என்ன என்பதைச் சற்று நோக்குவோம்.

கல் சொல்லும் சாட்சி

ஆட்சி செய்தவர்கள் தம் இறந்தோரைப் பெயருடன் அடக்கம் செய்தார்கள். கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைக் கற்கள் குலச் சின்னங்களுடன் இருக்கின்றன. 1908இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தனது சஞ்சிகையில் குடும்பங்களின் வம்சாவளிகளை வெளியிட்டது. கண்டியில் ஆங்கிலேயப் படையினரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், 1824இல் இறந்த சேர் ஜோன் டொயிலியின் நினைவுத்தூண் உள்ளது. பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில், புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். சிவில் சேவை அதிகாரியான ஜே. பென்றி லூயிஸ், இலங்கையிலுள்ள இத்தகைய கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் நூலாகவே வெளியிட்டார். எனவே கடல் கடந்து வரும் வாரிசுகளுக்குத் தேடல் எளிதாகிறது.

சுமந்தவர்கள் யார்?

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் 1892இல் இறந்தார். அவரது உடலைத் தோட்டத் தொழிலாளர் பன்னிருவர் பன்னிருவராகத் தோள் மாற்றிக் கண்டிவரை சுமந்து வந்தனர். கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னே நடந்தனர். மஹியாவை மயானத்திலுள்ள அவரது கல்லறைக் கல், தேயிலையின் முன்னோடி என அவரைப் போற்றுகிறது. சுமந்து வந்தவர்களின் பெயர்களை எந்தக் கல்லும் சொல்லவில்லை. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டி நாற்று நட்ட கைகளின் பெயர்களும் அப்படியே.

அதற்கு முன்னரே, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியாக நடந்து வந்தோர் பலர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். தோட்டத்தில் இறந்தவர்க்குக் கிடைத்தது ஒரு மண்மேடு மட்டுமே. இரண்டு மழைக்காலத்தில் அதுவும் கரைந்துவிடும்.

சான்று கேட்ட சட்டம்

இது வெறும் மனவேதனையுடன் நின்றுவிட்ட விடயமல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவரிடமும் மேலதிகச் சான்று கேட்டது. தந்தை இங்கு பிறந்தவர் எனக் காட்ட வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் எனக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து, பெயரில்லா மண்ணில் புதைந்தவருக்குப் பத்திரம் ஏது? எமது மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கப்பலேறியவர்கள் தம் தாய் தந்தையரின் மண்மேடுகளை இங்கேயே விட்டுச் சென்றனர். 2003ஆம் ஆண்டின் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது.

நாம் செய்யக்கூடியவை

கல் இல்லாவிடினும் தடயங்கள் முற்றாக அழிந்துவிடவில்லை.

முதலாவதாக, வீட்டிலுள்ள முதியோரிடம் கேளுங்கள். பாட்டன் பாட்டியரின் பெயர், இந்தியாவிலிருந்த ஊர், எந்தக் கங்காணியுடன் வந்தார்கள், எந்தெந்தத் தோட்டங்களில் வேலை செய்தார்கள் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவதாக, கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆலயப் பதிவேடுகளை நாடலாம். ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயருடன் பெற்றோர் பெயரும் வசிப்பிடமும் இருக்கும். விவாக, அடக்கப் பதிவுகளும் உதவும். ஈரமும் செல்லும் அரித்துவரும் இவ்வேடுகளைப் பாதுகாப்பது குருமாரினதும் சபையாரினதும் கடமையாகும்.

மூன்றாவதாக, பெட்டியடியில் கிடக்கும் பழைய கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம், தோட்டத் துண்டு, பிறப்பு இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து வையுங்கள்.

நான்காவதாக, தோட்ட மயானத்துக்கு இளைஞர் குழுவாகச் செல்லுங்கள். இடம் தெரிந்த முதியவரையும் அழைத்துச் சென்று ஒரு வரைபடம் கீறுங்கள். சீமெந்துப் பலகையில் ஒரு பெயரும் ஆண்டும் எழுதப் பெரும் செலவாகாது.

ஆபிரகாம் அந்நிய தேசத்தில் கூடாரவாசியாகவே திரிந்தவர். அவர் விலை கொடுத்து அங்கே வாங்கிய நிலம், மனைவி சாராளை அடக்கம் செய்வதற்கான குகையும் அதைச் சூழ்ந்த வயலுமே. இனாமாகத் தருவதாகச் சொன்னபோதும், ஊரார் சாட்சியாக 400 வெள்ளிக் காசு நிறுத்துக் கொடுத்தார். தன்னவரைப் புதைத்த மண்மீது தனக்கு உரிமை உண்டென நிலைநாட்டினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலைகளில் தம்மவரைப் புதைத்து வந்த எமது மக்களில் பலருக்கு, ஒரு துண்டு நிலத்துக்கான உறுதி இன்றும் கையில் இல்லை. அந்தக் கோரிக்கையை நாம் எழுப்பும்போது, எம் முன்னோர் இன்னார், இந்த மலையிலே இன்ன இடத்தில் உறங்குகிறார்கள் எனப் பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

வரும் நவம்பர் 2ஆம் நாள், மரித்தோர் நினைவு தினத்தில், மெழுகுவர்த்தியுடன் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துச் செல்வோமா?