காவலுக்கும் ஒரு காவல்

நுழையும்முன்

மரபணுவில் எழுதப்பட்டுள்ள அனைத்தும் உடலில் அப்படியே நிகழ்ந்துவிடுவதில்லை. எதை, எப்போது, எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை வரையறுக்கும் நுண்ணிய ஒழுங்குமுறை ஒவ்வோர் உயிரணுவிலும் உண்டு. அவ்வொழுங்கு குலையும் இடத்தையும், அதனை மீட்க முயலும் அறிவியலையும் தைராய்டு புற்றுநோயை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

அளவே ஒழுங்கு

செங்கல்பட்டு மாவட்டத்துச் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலை, தமிழகத்தின் பெருந்தொழில் தடங்களுள் ஒன்று. மகிழுந்துகளும் அவற்றின் உறுப்புகளும் அங்கே உருவாகின்றன. ஓர் உறுப்புக்கான வரைபடம் பிழையின்றி இருந்தால் மட்டும் போதாது; எத்தனை செய்வது, எப்போது நிறுத்துவது என்னும் கட்டுப்பாடும் தேவை. உயிரணுவின் இயக்கமும் இத்தகையதே.

உயிரணுவின் வரைபடம் டி.என்.ஏ. அதிலிருந்து படியெடுக்கப்படும் செய்தி, தூது ஆர்.என்.ஏ. அச்செய்தியைப் படித்து ரைபோசோம் புரதத்தை உருவாக்குகிறது. செய்தி வந்த பின்னும் உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ வல்லவை நுண் ஆர்.என்.ஏ.க்கள். ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட இவை, தமக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து அதன் பணியைத் தடுக்கின்றன. மனித உடலில் இத்தகைய நுண் ஆர்.என்.ஏ.க்களுக்கான மரபணுக்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை.

ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழுவை ஆராய்ந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் 1993ஆம் ஆண்டு இவ்வுண்மையை வெளிப்படுத்தினர். புழுவுக்கே உரிய விந்தை என்று அன்று பலரும் கருதிய அக்கண்டுபிடிப்பு, 2024ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

தூது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை விளக்கியமைக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

செதுக்கும் புரதங்கள்

நுண் ஆர்.என்.ஏ. பிறக்கும்போதே சிறியதாக இருப்பதில்லை. நீண்ட இழையாகத் தோன்றும் அதனை, ஆர்.என்.ஏ.வுடன் பிணையும் புரதங்களே செதுக்கிச் சீர்செய்கின்றன. உட்கருவில் டிரோஷா என்னும் புரதம் முதல் வெட்டை வெட்டுகிறது. உட்கருவுக்கு வெளியே டைசர் என்னும் புரதம் மறு வெட்டை வெட்டுகிறது. பின்னர் ஆர்கோனாட் என்னும் புரதம் அதனைத் தாங்கித் தூது ஆர்.என்.ஏ.விடம் கொண்டுசேர்க்கிறது.

இவ்வகைப் புரதங்கள் எல்லாம் உதவுவன அல்ல, தடுப்பனவும் உண்டு. லின்28 என்னும் புரதம், லெட்-7 என்னும் நுண் ஆர்.என்.ஏ. முழுமை பெறாமல் தடுக்கிறது. அடார்1 என்னும் புரதமோ ஆர்.என்.ஏ.வின் எழுத்தையே மாற்றிவிடுகிறது. ஆகவே, புரத உற்பத்திக்கு நுண் ஆர்.என்.ஏ. காவல், அக்காவலுக்கும் ஒரு காவல் இப்புரதங்கள்.

அயோடின் நுழையும் வாயில்

கழுத்தின் முன்புறத்தில் பட்டாம்பூச்சி வடிவில் அமைந்தது தைராய்டு சுரப்பி. உணவிலுள்ள அயோடினைக் கொண்டே இது தன் இயக்குநீரைச் சுரக்கிறது. நாம் அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துவதன் காரணமும் இதுவே. அயோடினைக் குருதியிலிருந்து தைராய்டு உயிரணுவுக்குள் ஈர்த்துக்கொள்ள, அவ்வுயிரணுவின் சவ்வில் ஒரு கடத்திப் புரதம் வாயிலாக நிற்கிறது.

மருத்துவமும் இவ்வாயிலையே பயன்படுத்துகிறது. அறுவைக்குப் பின் எஞ்சும் புற்று உயிரணுக்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் தரப்படுகிறது. அதனைத் தைராய்டு உயிரணுக்கள் தாமே விரும்பி ஈர்த்து அழிகின்றன. தைராய்டு புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் பாப்பில்லரி வகையினர் பெரும்பாலோர் நலம் பெறுவதற்கு இம்முறை பெரிதும் துணைபுரிகிறது. ஆயினும், சிலருக்கு அயோடின் உள்ளே நுழைவதில்லை. மருந்து கையில் இருந்தும் வாயில் அடைபட்டுவிடுகிறது.

காவல் குலையும் விதம்

வாயில் அடைபடுவது ஏன்? பாப்பில்லரி வகைக் கட்டிகளில் 146பி என்னும் நுண் ஆர்.என்.ஏ. மிகுந்து காணப்படுகிறது. இது அயோடின் கடத்தியின் உற்பத்தியையும், அக்கடத்திக்கான மரபணுவைத் தூண்டும் பாக்ஸ்8 என்னும் புரதத்தின் உற்பத்தியையும் ஒருங்கே குறைக்கிறது என 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது.

2019ஆம் ஆண்டு ஆய்வு மேலும் ஒரு வியப்பை வெளிப்படுத்தியது. இதே 146பி, டைசர் புரதத்தின் அளவையும் குறைக்கிறது. தன்னைச் செதுக்கிய கையையே அது தளரச் செய்கிறது. டைசர் குறைந்தால், புற்றைத் தடுக்கவல்ல பிற நுண் ஆர்.என்.ஏ.க்களும் போதிய அளவில் உருவாவதில்லை. உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகி, இடம்பெயர்ந்து பரவுகின்றன. எழுத்தை மாற்றும் அடார்1, புற்றின் பரவலைத் தடுக்கும் 200பி என்னும் நுண் ஆர்.என்.ஏ.வின் ஆற்றலைக் குன்றச் செய்வதும் 2020ஆம் ஆண்டு அறியப்பட்டது.

மீட்கும் வழி

குலைந்த காவலை மீட்க இயலுமா? ஆய்வுக்கூட எலிகளின் தைராய்டு கட்டிகளில் 146பியைத் தடுத்தபோது டைசரின் அளவு மீண்டது; கட்டியின் வளர்ச்சியும் குறைந்தது. டைசரின் பணியைத் தூண்டும் எனாக்சசின் என்னும் மருந்தும் கட்டியின் வீரியத்தைக் குறைத்தது. எலியில் கண்ட பயன் மனிதருக்கும் உண்டு என உறுதிசெய்ய நெடிய ஆய்வுகள் வேண்டும். எனினும், புற்று உயிரணுவை அழிப்பது மட்டுமே வழியன்று, அதன் இழந்த ஒழுங்கை மீட்பதும் ஒரு வழியே என்னும் எண்ணத்தை அவை விதைத்துள்ளன.

மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியபோது, நுண் ஆர்.என்.ஏ. என்னும் சொல்லே பிறக்கவில்லை. அந்நிலையத்தை வளர்த்த மருத்துவர் சாந்தா, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் புற்றுநோயை வெல்லலாம் என்பதை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். கழுத்தில் தோன்றும் கட்டியை அஞ்சி மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவது இன்றைய கடமை. அடைபட்ட வாயிலைத் திறக்கும் திறவுகோலைத் தேடுவது நாளைய அறிவியலாளரின் கடமை.