சிம்லாவில் மீண்டும் மாநாடு

வகுப்பறையில் காந்தியும் ஜின்னாவும் மோதுகிறார்கள். ஆசிரியர் கடைசி பெஞ்சில்.

ஜின்னா இறங்கிவர மறுக்கிறார். காந்தி சமாதானம் பேசுகிறார். அம்பேத்கர் இருவரையும் நம்பத் தயாரில்லை. மூவருக்கும் வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும். நியூயார்க்கின் பர்னார்டு பெண்கள் கல்லூரி என்றால் மூவருமே மாணவிகள்.

இந்தியப் பிரிவினை, அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இப்படித்தான் பாடமாகிறது. 1990களின் பிற்பகுதியில் இந்த முறையை உருவாக்கியவர் பர்னார்டின் வரலாற்றுப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ். வகுப்பில் மாணவர்களும் சலித்துப்போயிருந்தார்கள், அவரும்தான். விளைவு, கடந்த காலத்தையே விளையாட்டாக்கினார். சாக்ரடீஸ் கால ஏதென்ஸ், கலிலியோ விசாரணை, பிரெஞ்சுப் புரட்சி என்று வரிசை நீண்டது. சிம்லா விளையாட்டைக் கார்ன்ஸுடன் சேர்ந்து எழுதியவர் ஐன்ஸ்லி எம்ப்ரீ. சுதந்திரத்துக்குப் பின் பத்தாண்டு இந்தூரில் ஆசிரியராக இருந்தவர்.

வசனம் எழுதித் தருவதில்லை. தரப்படுவது பாத்திரமும் ரகசிய இலக்கும் மட்டுமே. அந்த மனிதர் படித்ததை, எழுதியதைப் படித்துவிட்டு வந்து வாதாட வேண்டும். முடிவு திறந்தே கிடக்கிறது. பிரிவினை நிகழலாம், நிகழாமலும் போகலாம்.

நிஜ மாநாடு 1945 ஜூன் 25ல் தொடங்கியது. ராஜாஜி வந்திருந்தார். தாழ்த்தப்பட்டோர் சார்பில் சென்னையின் என். சிவராஜ் வந்திருந்தார். புதிய நிர்வாகக் கவுன்சிலில் முஸ்லிம் உறுப்பினர் அனைவரையும் லீக்கே நியமிக்க வேண்டும் என்றார் ஜின்னா. எதிரே காங்கிரஸ் தலைவராக அமர்ந்திருந்தவரே மௌலானா ஆசாத்! ஜூலை 14ல் வைஸ்ராய் வேவல் தோல்வியை அறிவித்தார்.

லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பிரிவினையை விளையாட்டாக்கலாமா? நியாயமான கேள்வி. அதனால்தான் ஆட்டம் முடிந்ததும் மாணவர்கள் பாத்திரத்தைக் களைந்துவிட்டு, உண்மையில் நடந்தது என்ன, தாங்கள் எங்கே விலகினோம் என்று அலசுகிறார்கள். அந்தக் கடைசி வகுப்பு இல்லையென்றால் மிஞ்சுவது வெறும் வேடிக்கை.

பாத்திரமேற்றுக் கற்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1962ல் பம்பாயில் கூடிய கொறடாக்கள் மாநாட்டின் சிபாரிசுப்படி, 1966ல் டெல்லி பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டி தொடங்கியது. பிறகு கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்கும் பரவியது. கேள்வி நேரம் உண்டு, அமைச்சர்கள் உண்டு, சபாநாயகர் உண்டு. ஆனால் பல பள்ளிகளில் பேச்சு முழுக்க மனப்பாடம். எதிர்க்கட்சி எப்போது கூச்சல் போடும் என்பதுகூட ஒத்திகையிலேயே முடிவாகிவிடும். துணைக் கேள்விக்கு எந்த அமைச்சரும் திணறுவதில்லை. நடைமுறை புரிகிறது, அரசியல் புரிவதில்லை.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில், நாற்பது நிமிட பீரியடில் சிம்லாவைக் கூட்டுவது சிரமம்தான். ஒரு கிராம சபையைக் கூட்டலாம். தண்ணீர்த் தொட்டி எந்தத் தெருவுக்கு என்று வாதாட விடலாம். தேவையானது செலவு அல்ல, முடிவை முன்கூட்டியே எழுதிவைக்காத துணிச்சல்.

ஜின்னாவாகப் பேசிய மாணவி ஜின்னாவை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இனி அவரை ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. தேர்வு மதிப்பெண்ணுக்கு இது உதவாமல் போகலாம். விரைவில் வாக்குச்சாவடிக்குப் போகிறவருக்கு நிச்சயம் உதவும்.