80-க்கு 1 குதிரை ஜெயிச்சது எப்படி? கால் உடைஞ்சா ஏன் கொல்றாங்க? தேதியைப் பாருங்க!

அமெரிக்காவுல நடக்குற கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் பத்தி ரெண்டே ரெண்டு கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. ஒண்ணு, "80-க்கு 1 ஓட்ஸ்ல இருந்த குதிரை எப்படி ஜெயிச்சுது, முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க முடியாதா?" இன்னொண்ணு, "குதிரைக்குக் கால் உடைஞ்சா கட்டுப் போட்டு குணப்படுத்த மாட்டாங்களா, ஏன் கொன்னுடறாங்க?" முதல் கேள்வியைக் கேக்குறவங்க ரெண்டாவதைக் கேக்குறதே இல்ல. ரெண்டாவதைக் கேக்குறவங்களுக்கு முதல் கேள்வி காதுல விழுந்தாலே கோவம் வருது. ஆனா ரெண்டுக்கும் பதில் தேடப் போனா ஒரே ரேஸ் புக்ல, ஒரே பத்தியிலதான் போய் நிக்கணும். குதிரை எந்தெந்த நாள் ஓடுச்சுன்னு காட்டுற தேதிப் பத்தி. சொல்றேன்.

டோட்னா என்ன, லெங்த்னா என்னன்னு முதல்ல இருந்து ஆரம்பிக்கப் போறதில்ல. சென்னையில குதிரைப் பந்தய மைதானம் இருந்த கிண்டி, வேளச்சேரிப் பக்கம் வளர்ந்த பெரியவங்க யாரையாவது கேளுங்க. உங்க தாத்தாவைக்கூடக் கேக்கலாம், பாட்டி பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து.

'ஹேண்டிகேப்'ங்குற வார்த்தையில இருக்குற ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துடறேன். இங்கிலாந்துல கிராண்ட் நேஷனல் ரேஸ்ல நல்லா ஓடுற குதிரைக்கு அதிக எடை ஏத்தி எல்லாத்தையும் சமமாக்கப் பாப்பாங்க. டெர்பியில அது கிடையாது. ஆண் குதிரை எல்லாம் 126 பவுண்ட், பெண் குதிரைன்னா 121. மூணு வயசுக் குதிரைங்க மட்டும், ஒன்றேகால் மைல், அதிகபட்சம் 20 குதிரை. அமெரிக்காக்காரன் 'ஹேண்டிகேப்பிங்'னு சொல்றது யார் ஜெயிப்பான்னு கணிக்கிற வேலையை. இன்னிக்கு நாம பேசப்போறது அதைத்தான்.

சரி, 2022. லூயிவில் நகரம், சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். ரிச் ஸ்ட்ரைக்னு ஒரு குதிரை. டெர்பிக்கு முன்னாடி ஏழு ரேஸ் ஓடி ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சிருக்கு. 30,000 டாலருக்குக் கைமாறின குதிரை. டெர்பி பட்டியல்லகூட இல்ல. ரேஸுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலையில எதீரியல் ரோடுங்குற குதிரையை விலக்குனாங்க, அந்த இடத்துல கடைசி நிமிஷத்துல இது உள்ள வந்துச்சு. கிடைச்சது 20-வது கதவு, ஆகக் கடைசி. ரெண்டு டாலர் கட்டினவனுக்கு 163 டாலர் 60 சென்ட் கிடைச்சுது. இதை விடப் பெரிய ஓட்ஸ்ல டெர்பி ஜெயிச்சது 1913-ல டோனரெய்ல் மட்டும்தான்.

எப்படி நடந்துச்சு? முதல் கால் மைலை 21.78 விநாடியில கடந்தாங்க. டெர்பி வரலாற்றுலயே அதுதான் வேகமான முதல் கால் மைல். இன்னும் ஒரு மைல் பாக்கி இருக்கும்போது அந்த ஓட்டம் ஓடினா என்ன ஆகும்? முன்னாடி இழுத்துட்டுப் போன சம்மர் இஸ் டுமாரோ கடைசியா வந்துச்சு. பின்னாடி நிதானமா வந்த ரிச் ஸ்ட்ரைக், ஜாக்கி சோனி லியோன் உள்பக்க வேலியை ஒட்டியே நுழைச்சு நுழைச்சுக் கொண்டுவர, கடைசியில எபிசென்டரையும் ஜான்டனையும் தாண்டிடுச்சு. முக்கால் லெங்த் வித்தியாசம். ஜெயிச்சதும் தன்னை அழைச்சிட்டுப் போக வந்த குதிரையைக் கடிக்கப் பாஞ்சுது பாருங்க, அந்த வீடியோ பாக்காதவங்க பாருங்க. ரேஸை விட நல்லா இருக்கும்.

முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க முடியுமா? பாதி முடியும். முன்னாடி ஓட ஆசைப்படுற குதிரைங்க நிறைய இருக்கு, அதனால முதல்ல வேகம் எகிறும், பின்னாடி வர்றவனுக்கு லாபம், இவ்வளவும் ரேஸ் புக்ல தெரியும். ஆனா பின்னாடி வர்ற குதிரையும் ஏழெட்டு இருக்குமே, அதுல எது? அதை எந்தப் புக்கும் சொல்லாது. சொல்றேன்னு சொல்றவன் டிப்ஸ் விக்கிறவன்.

கணிப்புக்காரங்க கையில இருக்குற பெரிய ஆயுதம் வேக எண். ஆண்ட்ரூ பேயர்னு ஒரு பத்திரிகைக்காரர், 1975-ல 'பிக்கிங் வின்னர்ஸ்'னு புத்தகம் எழுதினவர். ஒரே தூரத்தை ஒரே நேரத்துல ஓடினாலும் இன்னிக்குத் தடம் இறுகியிருக்கும், நாளைக்குச் சேறா இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கழிச்சிட்டு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எண் கொடுத்தாரு. இப்ப எல்லாரும் அந்த எண்ணைப் பாக்குறாங்க. எல்லாரும் பாக்குறதாலயே அதுல காசு இல்ல. ஏன்னா இது புக்கி கொடுக்குற ஓட்ஸ் இல்ல, நீங்களும் நானும் போட்ட பணத்தை ஒரே குவியலாப் போட்டுப் பிரிக்கிறது. அந்தக் குவியல்ல இருந்து வின் பந்தயத்துக்கு நூத்துக்குப் பதினேழரை டாலரை சர்ச்சில் டவுன்ஸ்ல முதல்லயே எடுத்து வச்சிடுவாங்க. நாலு குதிரையை வரிசையாச் சொல்ற மாதிரிப் பந்தயம்னா 22. மிச்சத்துக்குத்தான் நீங்க அடிச்சுக்கணும். 2013-ல இருந்து 2018 வரைக்கும் ஆறு வருஷம் தொடர்ந்து ஃபேவரைட்டே, அதாவது அதிகப் பணம் விழுந்த குதிரையே டெர்பி ஜெயிச்சுது. "இனிமே எல்லாம் சுலபம்"னாங்க. 2019-ல இருந்து 2025 வரைக்கும் ஒரு ஃபேவரைட்கூட ஜெயிக்கல. 17-வது கதவுல இருந்து கிளம்பின குதிரை 2025 வரைக்கும் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லன்னு வேற சொல்வாங்க. கதவுக்கு என்னங்க தெரியும்?

அதனாலதான் சொல்றேன், வேக எண்ணை விட்டுட்டு தேதியைப் பாருங்க. ஜஸ்டிஃபைன்னு ஒரு குதிரை, 2018-ல டெர்பி, பிரீக்னெஸ், பெல்மான்ட் மூணையும் சேர்த்து டிரிபிள் கிரவுன் ஜெயிச்சுது. அது வாழ்நாள்ல ஓடின ரேஸ் மொத்தத்தையும் இப்பவே வாசிச்சுடறேன், மூச்சு வாங்காது. பிப்ரவரி 18. மார்ச் 11. ஏப்ரல் 7. மே 5. மே 19. ஜூன் 9. முடிஞ்சுது. ஆறுல ஆறும் வெற்றி. அப்புறம் கணுக்கால்ல பிரச்சினைன்னு ஓய்வு. இப்ப 1948-க்கு வாங்க. சைட்டேஷன். டெர்பி வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே 16 ரேஸ். ஏப்ரல் 27 செவ்வாய்க்கிழமை ஒரு ரேஸ் ஜெயிச்சுது, மே 1 சனிக்கிழமை டெர்பி ஜெயிச்சுது. நாலே நாள். இன்னிக்கு எந்த ட்ரெயினராவது அப்படிச் செஞ்சா வீட்டுல கல்லு விழும். 2025-ல டெர்பி ஜெயிச்ச சாவரின்டியை ட்ரெயினர் பில் மோட் ரெண்டே வாரத்துல வர்ற பிரீக்னெஸ்ஸுக்கு அனுப்பவே இல்ல. இடைவெளி விட்டு பெல்மான்ட் அனுப்பினாரு, ஜெயிச்சுது. பாரம்பரியம் போச்சுன்னு நிறையப் பேர் புலம்பினாங்க. எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடிச்சுது.

குதிரைப் பந்தயம் திறமையா அதிர்ஷ்டமான்னு ஒரு சண்டை இருக்கே, அதை நம்ம ஊர்க்காரங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனாங்க தெரியுமா? 1974-ல தமிழ்நாட்டு அரசு குதிரைப் பந்தயத்தை நிறுத்தச் சட்டம் கொண்டுவந்துச்சு. மெட்ராஸ் ரேஸ் கிளப் தரப்பு வழக்குக்குப் போச்சு. 22 வருஷம் கழிச்சு, 1996 ஜனவரியில, டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்குல தீர்ப்பு: குதிரைப் பந்தயத்துல வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, அது சூதாட்டம் இல்ல. இன்னிக்கு ஆன்லைன் ரம்மி வழக்கு வரைக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுறாங்க. கிண்டியில என்ன ஆச்சுன்னா, 2024 செப்டம்பர்ல அரசு குத்தகையை ரத்து பண்ணி நிலத்துக்கு சீல் வச்சுது, அது தனிக் கதை. என் கருத்து? திறமை இருக்கு, சரி. ஆனா அந்தத் திறமை எல்லாம் குதிரைக்கும் ஜாக்கிக்கும்தான். டிக்கெட் வாங்குறவனுக்கு இருக்கான்னு கேட்டா... வேணாம், வக்கீலுங்க சண்டைக்கு வருவாங்க.

சரி, கால். நேரம் ஓடுது.

குதிரை எடை ஏறக்குறைய 500 கிலோ. நாலுகால் பாய்ச்சல்ல ஒரு கணத்துல உடம்பு மொத்தமும் ஒரே ஒரு முன்னங்கால்ல இறங்கும், அந்தக் கணம் கால் தாங்குறது உடம்பு எடையைப் போல ரெண்டரை மடங்கு. முட்டிக்குக் கீழ அந்தக் கால்ல சதையே இல்ல. எலும்பு, தசைநாண், தோல். ஸ்லோ மோஷன்ல பாருங்க, குளம்புக்கு மேல இருக்குற மூட்டு வளைஞ்சு தரையைத் தொடுற அளவுக்கு இறங்கும். உடையுறது பெரும்பாலும் அங்கதான். தோலைக் கிழிச்சிட்டு எலும்பு மண்ணுல பட்டுச்சுன்னா ரத்த ஓட்டமும் போச்சு, கிருமியும் புகுந்துடும்.

கட்டுப் போட முடியாதா? பார்பரோவுக்குப் போட்டாங்க. 2006 டெர்பியை அனாயாசமா ஜெயிச்ச குதிரை, ரெண்டு வாரத்துல பிரீக்னெஸ்ல பின்னங்கால் சிதறிடுச்சு. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில டீன் ரிச்சர்ட்சன் தகடு வச்சு 27 ஸ்க்ரூ போட்டாரு. உடைஞ்ச கால் கிட்டத்தட்ட சேர்ந்துடுச்சு. ஆனா குதிரையால மாசக்கணக்கா படுத்துக் கிடக்க முடியாது, நின்னுதான் ஆகணும். பாரம் எல்லாம் நல்ல கால்கள் மேல. குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சு வச்சிருக்குற மெல்லிய திசு அழற்சியாகிப் பிச்சுக்கும், லாமினைடிஸ். எட்டு மாசம் போராடி 2007 ஜனவரி 29-ல கருணைக்கொலை. பணமும் மருத்துவமும் அதுக்கு மேல யாராலயும் கொடுத்திருக்க முடியாது. 2008-ல எயிட் பெல்ஸ்ங்குற பெண் குதிரைக்கு அந்த எட்டு மாசம்கூடக் கிடைக்கல. டெர்பியில ரெண்டாவதா வந்து, எல்லைக் கோட்டைத் தாண்டி வேகம் குறைக்கும்போது ரெண்டு முன்னங்காலும் உடைஞ்சுது. தடத்துலயே ஊசி.

இப்ப என் தேதிக்கு வர்றேன். பெரும்பாலான எலும்பு முறிவு திடீர்னு வர்றதில்ல. ஓடி ஓடி நுண்ணிய விரிசல் விழும். உடம்பு முதல்ல அந்தப் பழுதான எலும்பைச் சுரண்டி எடுக்கும், அப்புறம்தான் புது எலும்பு நிரப்பும். சுரண்டுறது சில வாரம், நிரப்புறது சில மாசம். ஒரு வீட்டுல பழைய தூணை எடுத்துட்டுப் புதுத்தூண் வைக்கிறதுக்கு முன்னாடி மாடியில கல்யாணம் வச்ச மாதிரி, அந்த இடைவெளியில வேகமா ஓடவிட்டா என்ன ஆகும்? மாசக்கணக்கா ஓய்வுல இருந்துட்டு மறுபடி வேக ஓட்டத்துக்கு வர்ற குதிரைக்குத் தோளுக்குக் கீழ இருக்குற எலும்பு உடையுற ஆபத்து அதிகம். தேதிப் பத்தியில நீண்ட வெற்றிடம் இருந்தா உங்க பணத்துக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து.

2023-ல டெர்பி வாரத்தை ஒட்டி சர்ச்சில் டவுன்ஸ்ல ஏழு குதிரை செத்துச்சு. டெர்பிக்குத் தகுதி பெற்ற வைல்ட் ஆன் ஐஸும் அதுல ஒண்ணு, ரேஸ்ல இல்ல, காலைப் பயிற்சியில. ஏழுல ரெண்டு திடீர்னு சுருண்டு விழுந்துச்சு, ஒண்ணு ரேஸுக்கு முன்னாடி புரண்டு கழுத்தடி பட்டுச்சு. அதுக்கு என் தேதியில பதில் கிடையாது. மே முடியுறதுக்குள்ள எண்ணிக்கை 12, ஜூன்ல ரேஸையே எல்லிஸ் பார்க்குக்கு மாத்தினாங்க. அதே வருஷம் ஃபேவரைட் ஃபோர்ட்டையை ரேஸ் அன்னிக்குக் காலையில அரசு கால்நடை மருத்துவர் குளம்புல அடின்னு சொல்லி நிறுத்தினாரு. பணம் கட்ட இருந்தவன் திட்டினான். எனக்கு அவர்தான் அன்னிக்கு ஹீரோ.

அய்யோ, ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. முக்கியமானது இதுதான், வேகமாச் சொல்லிடறேன். 2009-ல அமெரிக்காவுல ஆயிரம் ஓட்டத்துக்கு ரெண்டு குதிரை செத்துச்சு. ஹிசாங்குற தேசிய அமைப்பு 2022 ஜூலையில வந்ததுக்கு அப்புறம், அதோட கட்டுப்பாட்டுல இருக்குற மைதானங்கள்ல 2024-ல 0.90. பயிற்சிச் சாவு இந்தக் கணக்குல சேராது, அதை ஞாபகம் வச்சுக்குங்க. செயற்கைத் தடத்துல மண் தடத்தை விடச் சாவு குறைவுன்னு வருஷக்கணக்காத் தெரியும். சான்டா அனிட்டாவும் கீன்லண்டும் அதைப் போட்டுட்டு மறுபடி மண்ணுக்கே போனாங்க. இதுக்கு ஒரு வீடியோ முழுக்கத் திட்டலாம், இன்னிக்கு நேரமில்ல.

புக்கைக் கையில வச்சிருக்கீங்களா? நீண்ட இடைவெளி, அதுக்கப்புறம் திடீர்னு மலிவான ரேஸ், 40,000 டாலர் குதிரையை 10,000-க்கு யாரும் வாங்கிக்கலாம்னு நிறுத்தியிருக்காங்கன்னா அந்தக் குதிரையை விட்டு விலகுங்க. இப்படிக் குதிரையைத் தள்ளிவிடக் கூடாதுன்னுதான் ரேஸ் முடிஞ்சு நொண்டினா வித்தது செல்லாதுன்னு விதி வச்சிருக்காங்க. கீழ பயிற்சித் தேதி வரிசை இருக்கும், வாராவாரம் வந்துட்டு நடுவுல விட்டுப் போயிருந்தா அதுவும் அதே கதைதான். இடைவெளி இருந்தும் நல்ல ட்ரெயினர், பெரிய ரேஸுக்கே நேரா வர்றார்னா பயப்பட வேணாம், அது திட்டம் போட்டு விட்ட இடைவெளி. சனிக்கிழமை காலையில விலக்கின குதிரை பட்டியலைப் பாருங்க, குதிரைங்க தடத்துக்கு நடந்து வரும்போது தலை சீரில்லாம ஏறி இறங்குதான்னு பாருங்க. கேமரா சிக்னல் கொடுக்குறாங்க. நான் டெர்பிக்கு டிக்கெட் வாங்கினது கிடையாது, யாரும் டிப்ஸ் கேக்காதீங்க. கிராண்ட் நேஷனல் எடைக் கணக்கு அடுத்த வீடியோவுல.