இடம் மாறிய சொற்கள்

தமிழிலே 'நாய் தம்பியைக் கடித்தது' என்றாலும், 'தம்பியை நாய் கடித்தது' என்றாலும் கடிபட்டவன் தம்பியே. இரண்டாம் வேற்றுமை உருபு அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ இவ்விரு பெயர்களையும் இடம் மாற்றினால், நாயைக் கடித்த பழி தம்பியின் தலையில் விழும். அம்மொழியிற் சொல் நிற்கும் இடமே அதன் தொழிலைப் பெரிதும் வரையறுக்கின்றது.

இந்தியாவில் வங்கி வேலைக்கென நடைபெறும் போட்டிப் பரீட்சைகளில் இதனை வைத்தே ஒருவகை வினா அமைக்கின்றனர். வாக்கியமொன்றில் நான்கு சொற்கள் தடித்த எழுத்திலே தோன்றும். எவற்றை இடம் மாற்றினால் வாக்கியம் திருந்தும் என்பதே கேள்வி. பார்வைக்கு விளையாட்டு, ஆனால் பிழைத்தால் நட்டம் பெரிது. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்தும் எழுதுவினைஞர் முதற்கட்டப் பரீட்சையிலே ஆங்கில வினாக்கள் 30. நேரம் 20 நிமிடம். ஒரு வினாவுக்கு 40 விநாடிதான்! தவறான விடைக்குக் காற்பங்கு புள்ளியும் கழியும். 2021ஆம் ஆண்டின் அறிவிப்பினால் எழுதுவினைஞர் பரீட்சை தமிழ் உள்ளிட்ட 13 பிராந்திய மொழிகளுக்கும் திறந்துவிடப்பட்டதாயினும், ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவே நின்றது. ஒவ்வொரு பகுதியிலும் குறித்த புள்ளியை எட்டவேண்டும் என்பதனால், கணக்கிற் சூரனான பிள்ளையும் இங்கே இடறி வீட்டுக்குத் திரும்ப நேரிடும்.

பழைய வினாக்களை நூற்றுக்கணக்கில் மனனஞ் செய்வதாற் பயனில்லை என்பது எமது கருத்து. காதைத் தீட்டிக்கொள்வதே மேல். 'இற் வோஸ் ஏ ஒனஸ்ட் அற்றெம்ற் பை ஆன் சிம்பிள் மான்' என்றொரு வாக்கியத்தைக் கொள்வோம். உயிரொலிக்கு முன் 'ஆன்', மெய்யொலிக்கு முன் 'ஏ' என்பது விதி. 'ஏ ஒனஸ்ட்' என்பதும் 'ஆன் சிம்பிள்' என்பதும் காதிலே முள்ளாய்த் தைக்கின்றன. ஒனஸ்ட், சிம்பிள் இரண்டையும் மாற்றுங்கள். நேர்மையான மனிதனின் எளிய முயற்சி என்று பொருள் நேராகிவிடும். இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஓர் அனுகூலமும் உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்ப்பவன் ஒனஸ்டின் முன்னுள்ள ஒலியில்லா மெய்யெழுத்தைக் கண்டு ஏமாறுவான். தமிழில் எழுதினாலோ 'ஒ' என்ற உயிர் முன்னே நிற்கும். அவ்வாறே 'யூனிவேர்சிற்றி' உயிரெழுத்தோடு தொடங்குவதுபோல் நடிப்பினும், நமது யகரம் அதன் வேடத்தைக் கலைத்துவிடும்.

ஆங்கில முன்னிடைச் சொற்களும் நல்ல சாட்சிகள். 'டிப்பெண்ட்' வந்தால் 'ஒன்' வரும். 'கொன்சிஸ்ற்' வந்தால் 'ஒவ்' வரும். தீர்ப்பு நடுவர் குழுவைப் பொறுத்தது, அக்குழுவோ ஒன்பதின்மரைக் கொண்டது எனச் சொல்லவந்த வாக்கியத்தில் 'கொன்சிஸ்ற்ஸ் ஒன்', 'டிப்பெண்ட்ஸ் ஒவ்' என்று காணப்பட்டால், பொருளை ஆராயாமலே இரு வினைகளையும் மாற்றலாம்.

இலக்கணம் வாய் திறவாத இடங்களே கடினம். கட்டடத்தைச் சமர்ப்பித்து அறிக்கையை இடிக்கப் போவதாக ஒரு வாக்கியம் கூறினால், அங்கே இரண்டும் வினை, இரண்டும் ஒரே வடிவம். எது எதனோடு பழகும் சொல் என்ற அறிவே கைகொடுக்கும். வாசிப்புப் பழக்கமின்றி அது வாராது.

நான்கு சொற்களில் ஓரிணையை மாற்ற 6 வழி. இரண்டிணைகளை ஒருங்கே மாற்ற 3 வழி. 'மாற்றம் வேண்டா' என்பதையுஞ் சேர்த்தால் 10. கடைசியானதே பொல்லாத பொறி. விரைந்து வாசிக்கும்போது மனம் தானே பிழையைத் திருத்தி வாசித்துவிடுகிறது. ஆதலால் முதல் வாசிப்பிலே ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படிப்பது நன்று.

சிலவேளை விடை ஒன்றுக்கு மேலும் அமைவதுண்டு. அப்போது தரப்பட்ட விடைகளுள் எது இருக்கிறதென்று பார்த்தே குறிக்கவேண்டும். பிள்ளைகளுக்கு ஒன்று தருகிறோம்: 'சில்ட்ரன் பார்க் அற் நைற் வைல் டோக்ஸ் ஸ்லீப்.' அதாவது, நாய்கள் உறங்க, இரவிலே குழந்தைகள் குரைக்கின்றனவாம்! பெயர்களை மாற்றினாலும் சரி, வினைகளை மாற்றினாலும் சரி, வீடு அமைதியுறும். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் மறுபடியும் குழந்தைகளே குரைக்கும்.