கேசரி யார் வீட்டு நாய்? 'கார்டியன் ஹோம்' ஆகறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை

போன எபிசோட்ல நடுவுல ஒரு நாய் குரைச்சுதே, அது உங்க நாயான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அவ பேரு கேசரி. கோல்டன் ரெட்ரீவர், நாலு வயசு. டொராண்டோவில் என் அபார்ட்மென்ட்ல, என் கட்டில்ல, என் தலையணையிலதான் தூங்குறா. ஆனா போன வருஷம் வரைக்கும் காகிதப்படி அவ என் நாய் இல்லை. ஒரு பிரீடரோட நாய். நான் அவளுக்கு கார்டியன் மட்டும்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு 'கார்டியன் ஹோம்'னு பேரு. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இது சகஜம். இங்கே புதுசா வந்திருக்கிற நம்ம பசங்க சிலர், "நல்ல ஜாதி நாய் கிட்டத்தட்ட ஃப்ரீயா கிடைக்குதாம், எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டு மெசேஜ் பண்றீங்க. அதனால இன்னைக்கு முழுசா சொல்லிடறேன்.

இது என்ன ஏற்பாடு?

ஒரு பிரீடர் நல்ல வம்சத்தைத் தொடர்ந்து கொண்டு போகணும்னா, நெருங்கின ரத்த உறவு இல்லாத பெண் நாய்கள் சிலது வேணும். எல்லாத்தையும் ஒரே வீட்ல வெச்சுக்க முடியாது. டொராண்டோ நகரத்துக்குள்ள ஒரு வீட்டுக்கு மூணு நாய்தான் அனுமதி. வரிசையா கூண்டு கட்டி அடைச்சு வளர்த்தா அந்த நாய்க்கு வீட்டு வாழ்க்கைன்னா என்னன்னே தெரியாது.

அதனால பிரீடர் ஒவ்வொரு ஈத்துலயும் நல்லா தேறும்னு தோணுற குட்டியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்து ஊர்ல இருக்கிற ஒரு குடும்பத்துக்கிட்ட கொடுக்கிறாங்க. நாய் அந்தக் குடும்பத்தோட வளரும். ஆனா ஓனர்ஷிப்பும் குட்டி எடுக்கிற உரிமையும் பிரீடர்கிட்ட இருக்கும். பேசின எண்ணிக்கைக்கு ஈத்து முடிஞ்சதும் கருத்தடை பண்ணி, நாயைக் குடும்பத்தோட பேருக்கு மாத்திடுவாங்க.

மதுரையிலிருந்து அம்மா வீடியோ கால்ல இதைக் கேட்டுட்டு, "நம்ம ஊர்ல ஆட்டை வாரத்துக்கு விடுவாங்களே, அது மாதிரியாடி?"ன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட அதேதான். வாரத்துல குட்டியில பங்கு வளர்த்தவங்களுக்கு வரும். இங்கே குட்டி மொத்தமும் பிரீடருக்கு, தாய் கடைசியில நமக்கு.

'ஃப்ரீ'ன்னா என்ன?

கேசரியோட கூடப் பிறந்த குட்டிகளை அந்த பிரீடர் ஆளுக்கு 3000 டாலருக்கு வித்தாங்க. நான் 500 கொடுத்தேன். சாப்பாடு, தடுப்பூசி, உண்ணி மருந்து, டிரெய்னிங் எல்லாம் என் செலவு. இனப்பெருக்கம் சம்பந்தப்பட்ட டெஸ்ட், பிரசவம் எல்லாம் அவங்க செலவு. நான் அவங்க வீட்ல இருந்து ஒரு மணி நேர டிரைவுக்குள்ளயே குடியிருக்கணும். அவங்களைக் கேக்காம கருத்தடை பண்ணக்கூடாது.

அடுத்தது ஹீட். பெண் நாய்க்கு பெரும்பாலும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரும், ஒவ்வொரு தடவையும் சுமார் மூணு வாரம். ரத்தப்போக்கு இருக்கும், டயப்பர் மாட்டணும். டாக் பார்க் கிடையாது, கயித்தை அவிழ்க்கக்கூடாது. எங்க பில்டிங் லிஃப்ட்ல ஆண் நாய் ஏறினா நான் இறங்கிடுவேன். ஏதாவது தவறி நடந்தா ஒப்பந்தத்தை மீறினதா ஆகும்.

ரெண்டு வயசு ஆனதும் டெஸ்ட். கோல்டனுக்கு இடுப்பு, முழங்கை, இதயம், கண்ணு இந்த நாலையும் பார்ப்பாங்க. வட அமெரிக்காவில் பெரும்பாலான பிரீடர்கள் நம்புற இடுப்பு எக்ஸ்ரே சான்றிதழை 24 மாசம் முடிஞ்ச பிறகுதான் இறுதியா கொடுப்பாங்க. அதுக்கு முன்னாடியே மேட்டிங் விடலாம்னு அவசரப்படற பிரீடரை அப்பவே சந்தேகப்படுங்க.

மேட்டிங் வாரத்துல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து புரோஜெஸ்டிரான் பார்த்தாங்க. கருமுட்டை எப்போ வெளியாகுதுன்னு அதுல தெரியும். நான் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு டிரைவரா இருந்தேன். கர்ப்பகாலம் சுமார் 63 நாள். தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி அவளை பிரீடர் வீட்ல விட்டுட்டு வரணும். குட்டிங்க எட்டு வாரத்துல புது வீடுகளுக்குப் போகும், அதுக்கப்புறம்தான் அவ திரும்பி வருவா. ரெண்டு மாசத்துக்கு மேல வீட்ல அவ இல்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில வெச்சேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போன்

ஆறு குட்டி பிறந்துட்டுது, ஏழாவது மாட்டிக்கிச்சு. பிரீடர் போன் பண்ணி, "எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போறேன், சிசேரியன் பண்ணப் போறாங்க"ன்னு சொன்னாங்க. கவனிங்க, சொன்னாங்க. என்கிட்ட கேக்கலை. கேக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் ஓடினேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, "நீங்க ஓனரா?"ன்னு கேட்டுச்சு. இல்லை, கார்டியன்னு சொன்னேன். "அப்போ உட்காருங்க"ன்னுச்சு. கையெழுத்துப் போட்டது பிரீடர். நியாயமா சொல்லணும்னா, பில் முழுசும் அவங்கதான் கட்டினாங்க. ராத்திரி முழுக்க தரையில உட்கார்ந்து கேசரி தலையை மடியில வெச்சிருந்ததும் அவங்கதான். ஏழாவது குட்டி பிழைக்கலை. கேசரி பிழைச்சா.

ஒப்பந்தத்துல "மூன்று ஈத்து வரை"ன்னு இருந்தது. கையெழுத்துப் போடும்போது எனக்கு அது வெறும் எண். டாக்டர், "அடுத்த தடவையும் சிசேரியன் ஆக வாய்ப்பு அதிகம்"னு சொன்ன பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் படிச்சேன். இனப்பெருக்கம் பத்தின எல்லா விஷயத்துலயும் பிரீடர் முடிவே இறுதின்னு ஒரு வரி. டாக்டர் வேண்டாம்னா என்ன ஆகும்னு ஒரு வரிகூட இல்லை.

நிறுத்திடலாம்னு அவங்ககிட்ட கேட்டேன். "அடுத்த ஹீட் வரட்டும், பார்க்கலாம்"னாங்க. அவங்க வில்லி இல்லை. ரெண்டு வருஷம் காத்திருந்து, டெஸ்டுக்கும் ஆபரேஷனுக்கும் நிறைய செலவு பண்ணியிருக்காங்க. ஆனா அந்த சில மாசம் அவங்க பேரு போன்ல வந்தாலே எனக்கு வயித்தைப் பிசையும். கடைசியில அவங்களே இன்னொரு டாக்டர்கிட்ட கேட்டுட்டு, "போதும், கேசரி ரிட்டையர்"னு சொன்னாங்க. கருத்தடை முடிஞ்சு மைக்ரோசிப் என் பேருக்கு மாறிச்சு.

அது அவங்க நல்ல மனசு. எனக்கு உரிமைன்னு எதுவும் இருக்கலை. கனடாவில் சட்டத்துக்கு நாய் ஒரு சொத்துதான். அவங்க "இன்னொரு ஈத்து"ன்னு சொல்லியிருந்தா, நானே காரை ஓட்டிட்டுப் போய் அவளை விட்டுட்டு வந்திருக்கணும். இந்த எபிசோடை நான் பண்றதுக்குக் காரணமே இதுதான்.

கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க

எத்தனை ஈத்து, எந்த வயசு வரைக்கும்? பிரிட்டன்ல கென்னல் கிளப், நாலு ஈத்து இல்லேன்னா ரெண்டு சிசேரியன் ஆன தாய்க்கு அப்புறம் பிறக்கிற குட்டிகளை வழக்கமா பதிவு பண்றதில்லை. ஒன்ராறியோ 2024-ல் நிறைவேத்தின சட்டம், ஒரு வயசு ஆகாத நாயை மேட்டிங் விடறதையும் எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டியைத் தாய்கிட்ட இருந்து பிரிக்கிறதையும் தடுக்குது. உங்க ஒப்பந்தம் இதைவிடக் கம்மியா கேக்கக்கூடாது.

டாக்டர் வேண்டாம்னா? பிரீடர்கிட்ட வேலை பார்க்காத ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தா இனப்பெருக்கம் அத்தோட நிக்கும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. நான் விட்ட வரி இதுதான்.

அவசரத்துல யார் முடிவு எடுப்பாங்க? கருத்தடை பண்ணாத பெண் நாய்க்கு கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிற ஆபத்து உண்டு, அது உயிர்போற விஷயம். பிரீடர் போன் எடுக்கலைன்னா நீங்க சம்மதம் கொடுக்கலாமா, செலவு யாருதுன்னு எழுதியிருக்கணும்.

டெஸ்ட்ல ஃபெயில் ஆனா நாய் உங்ககிட்டயே இருக்குமா? நீங்க ஊர் மாறினா? பிரீடர் தொழிலை விட்டா, இல்லை இறந்துட்டா? பேரு மாத்தறது கருத்தடைக்கு அப்புறம் எத்தனை நாள்ல?

கடைசியா, மொத்தம் எத்தனை நாய் இப்படி வெளியே இருக்கு, அந்தக் குடும்பங்கள்கிட்ட பேசலாமான்னு கேளுங்க. சிலர் வீட்ல மூணு நாய் வெச்சுக்கிட்டு வெளியே முப்பது வெச்சிருப்பாங்க. வீடு வீடா பிரிச்சு வெச்ச குட்டி ஃபேக்டரி அது. நல்ல பிரீடர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டாங்க, நம்பரே கொடுப்பாங்க.

மறுபடியும் பண்ணுவியான்னு அம்மா கேட்டாங்க. பண்ணுவேன். கூண்டுல வளர வேண்டிய ஒரு நாய் என் தலையணையில வளர்ந்தா, அது நல்ல விஷயம்தானே. ஆனா அந்த ஒரு வரி இல்லாம பேனாவைத் தொட மாட்டேன்.

கேசரி கதவுகிட்ட நிக்கிறா, வாக்கிங் டைம். நீங்க யாராவது கார்டியனா இருந்தா உங்க ஒப்பந்தத்துல என்ன இருந்ததுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வரட்டுமா.