கேத்தியில் ஒரு விடுமுறை நாள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டதும், பதினைந்து வயதுப் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் ஒரு சங்கடம் தோன்றுகிறது. சிறு குழந்தைகளென்றால் ஊஞ்சலும் பலூனும் போதும். மீசை அரும்பும் பையனை எங்கே அழைத்துச் செல்வது? உதகைக்குப் போனாலோ, படகுக்குச் சீட்டு, குதிரைக்குக் கூலி, பூங்காவுக்குக் கட்டணம் என்று இரண்டு நாள் கூலி உச்சிப்பொழுதுக்குள் கரைந்துவிடும்.

சென்ற டிசம்பரில் நெசவாளர் குடும்பங்கள் இரண்டு, குன்னூரை அடுத்து வசிக்கும் காய்கறி விவசாயி ஒருவரின் குடும்பத்துடன் கேத்திக்குச் சென்றன. நாமும் உடன் சென்றோம். செலவுப் பணம் முழுவதையும் முதலிலேயே பிள்ளைகள் ஐவரிடம் கொடுத்துவிட்டோம். சீட்டு வாங்குவதும் வழி கேட்பதும் கணக்கு எழுதுவதும் அவர்கள் பொறுப்பு. பெரியவர்கள் பின்னால் நடப்பது என்று ஏற்பாடு.

தொடக்கமே பிசகியது. காலை மலை ரயிலில் போவதாகத் திட்டம்; சீட்டு வரிசையைக் கணக்கிட மறந்தார்கள், இடம் கிடைக்கவில்லை. யோசனை சொல்ல நமக்கு நாக்குத் துடித்தது, அடக்கிக்கொண்டோம். ஐவரும் கூடிப் பேசி, பேருந்தில் போய் மாலை ரயிலில் திரும்புவதென்று முடிவு செய்தனர்.

கேத்தியில் இறங்கியபோது, வெயில் படாத பாத்திகளில் உறைபனி சுண்ணாம்பு தூவினாற்போல் கிடந்தது. மேட்டிலிருந்த தேயிலையோ பச்சையாகவே நின்றது. ஒரு பெண் காரணம் கேட்டாள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே தாழ்ந்த நிலத்துப் பயிரே முதலில் கருகும் என்று விவசாயியின் மகன் விளக்கினான். விடியுமுன் எழுந்து தண்ணீர் தெளித்த பிள்ளையல்லவா! பாடப் புத்தகத்தில் படித்ததைவிட அவன் சொன்னது நமக்குத் தெளிவாக இருந்தது.

பாலாடாப் பக்கம் இறங்கினால் கேரட் கழுவும் இயந்திரங்களைக் காணலாம். மண்ணப்பிய கிழங்குகள் உருளையில் சுழன்று செந்நிறமாக வெளிவந்து, மூட்டையாகி, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புறப்படுகின்றன. விதைத்துச் சுமார் மூன்று மாதம் காத்த பயிரின் விலை அங்கே சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. வெள்ளாடை உடுத்திய படுக மூதாட்டி ஒருவர் எதிர்ப்பட, நெசவாளர் மகன் அத்துணியின் நூல் நம்பரை ஊகிக்க முயன்றான். தறிவீட்டுக் கண் எங்கும் ஓய்வதில்லை!

சரிவொன்றில் அமர்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றை உண்டோம். அப்போதுதான் விவசாயியின் மகன், “அப்பா, போன வருஷம் விலை விழுந்தபோது சங்கத்துக் கடனை எப்படிக் கட்டினீர்கள்?” என்று கேட்டான். அவர் சற்றுத் தயங்கி, “உன் அம்மாவின் வளையலை விற்றேன்” என்றார். பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பன்னிரண்டாவது முடிந்ததும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போகலாமென்று இருக்கிறேன்” என்றான். தந்தை அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார். “என் மகனும் தறியில் உட்கார மாட்டேன் என்கிறான், அண்ணா” என்றார் நெசவாளர். வீட்டிலே இப்பேச்சு எழுந்திருந்தால் குரல்கள் உயர்ந்திருக்கும். சரிவிலே எவரும் எழுந்து போகவில்லை.

மாலையில் கேத்தி ரயில் நிலையத்திற்கு ஏறினோம். தண்டவாளத்தின்மேல் நடப்பது ஆபத்து, குற்றமுங்கூட. சாலை வழியே செல்க. ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தின் இறுதிக் காட்சி எடுக்கப்பட்ட நிலையம் இது என்று சொன்னதும் பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கினர். குன்னூர் வரை 1899-இல் வந்த பாதை 1908-இல் உதகையை எட்டியது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான செங்குத்து ஏற்றத்தில் மட்டுமே பற்சக்கரத் தண்டவாளம் உண்டு. கேத்திப் பகுதியில் சாதாரணத் தண்டவாளமே.

ரயில் வரும்வரை பிள்ளைகள் கணக்குப் பார்த்தார்கள். மீந்த தொகைக்கு வர்க்கி வாங்குவதா, திருப்பித் தருவதா என்று வாக்கெடுப்பு நடந்தது; வர்க்கி நான்குக்கு ஒன்றாக வென்றது. எதிர்த்து வாக்களித்தவன் விவசாயியின் மகன். அவனும் தந்தையும் நடைமேடையின் கோடி பெஞ்சில் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தனர். ரயில் வந்ததும் நாம் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டோம்.