நிலா நம்மை விட்டு ஓடிவிடுமா?

கண்ணுக்குத் தெரியாத சுவர் காவல் காக்கிறது!

நிலா பூமியைச் சுற்றி வருகிறது. ஆனால், நிலாவைப் பூமி இழுப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பலமாகச் சூரியன் இழுக்கிறது!

அப்படியானால், நிலா ஒரு நாள் நம்மை விட்டு ஓடிவிடாதா?

இதற்கு 1878-ம் ஆண்டில் விடை சொன்னவர், ஜார்ஜ் வில்லியம் ஹில். அமெரிக்கக் கணித மேதை.

ஊஞ்சல் சொல்லும் பாடம்

ஊஞ்சலைப் பாருங்கள். கீழே வரும்போது வேகம் அதிகம், உயரம் குறைவு. மேலே போனதும் உயரம் அதிகம், வேகம் இல்லை.

ஒன்று குறைந்தால் மற்றது கூடும். மொத்த சக்தி மாறாது. கையில் உள்ள காசுக்கு மேல் செலவு செய்ய முடியுமா? அதுபோல, யாரும் தள்ளாவிட்டால், ஊஞ்சல் தன் உயரத்தைத் தாண்டாது. அங்கே ஒரு சுவர் இருப்பது போல!

நிலாவுக்கும் இப்படி ஒரு மாறாத கணக்கு உண்டு. அந்தக் கணக்கை 1836-ல் கண்டவர், ஜெர்மனி நாட்டு யாக்கோபி.

வாய் இல்லாத பானை

பூமி சூரியனை வட்டமாகச் சுற்றுவதாக வைத்துக்கொண்டு, ஹில் கணக்குப் போட்டார். வாய் இல்லாத பானை போல, பூமியைச் சுற்றி ஒரு சுவர் தெரிந்தது! நிலா அதற்குள் இருக்கிறது. சுமார் 7 லட்சம் கிலோ மீட்டருக்கு அப்பால் அது போக முடியாது. இப்போது அதன் சராசரி தூரம் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோ மீட்டர்தான்.

சக்தி கூடினால்? பானை பெருக்கும். ஓர் அளவைத் தாண்டியதும், சூரியன் பக்கம் வாய் திறக்கும். பிறகு எதிர்ப்பக்கமும் திறக்கும்.

மூடிய பானையை நசுக்கினாலும் நீட்டினாலும் வாய் வராது. வாய் வந்துவிட்டால் அது வேறு உருவம். இப்படி உருவங்களை ஆராயும் கணிதத்துக்கு 'இடத்தியல்' என்று பெயர்.

வாசலில் நம் விண்கலம்

சூரியன் பக்கத்து வாசல், பூமியில் இருந்து சுமார் 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6-ந் தேதி அந்த இடத்தை அடைந்தது. சூரியனை ஆராய்வதே அதன் வேலை.

ராக்கெட் தந்த சக்தியால் விண்கலம் வாசலுக்குப் போனது. நிலாவுக்கு ஏது ராக்கெட்?

கடலின் ஏற்ற இறக்கத்தால் நிலா ஆண்டுக்குச் சுமார் 4 சென்டி மீட்டர் விலகுவது உண்மைதான். ஆனால், ஒரு கிலோ மீட்டர் விலகவே சுமார் 25 ஆயிரம் ஆண்டு ஆகும்!

ஆகவே, குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுங்கள். அது எங்கும் ஓடிவிடாது!